எடை: தோராயம்

இரவு ஒன்பதரைக்கு மாரத்தஹள்ளியில் கேப் ஏறினால்
பத்துக்கு நாற்காலியில் இருப்பேன்.
எங்கோ பகலாயிருக்கும் ஊர்களிலிருந்து
நாய் வளர்ப்பவர்கள் எழுதியது வந்து விழுந்திருக்கும்.

"இல்லாத ஈயைக் கடிக்கிறான்."
"குடித்தவள் மாதிரி படியிறங்கினாள்."
"மருந்து விட்ட இடத்தில் காசளவு முடி இல்லை."
"ராத்திரி முழுக்க என் பூனை சுவரையே பார்த்தது."

வலிப்பு. தள்ளாட்டம். முடி உதிர்தல்.
சுவரைப் பார்த்ததற்கு நேரான சொல் கிடையாது.
"நடத்தை மாற்றம், பிற" என்றொரு சாக்குப்பை உண்டு,
அதில் போடுவேன்.
கடைசியில் ஒரு கேள்வி, மருந்துதான் காரணமா என்று.
இருக்கலாம், இருக்காது, சொல்வதற்கில்லை.
ஒன்றைத் தொட்டால் அடுத்த நாய் வரும்.
ஒரு ஷிஃப்டுக்கு இருபத்திரண்டு.

பூரி எங்கள் பி.ஜி. வாசலில் படுப்பவள்.
மழைக்குப் பின் அவள் காதுக்குள்
ஆமணக்கு முத்தாக ஊதிக் கிடந்தன உண்ணிகள்.
அடிவயிற்றில் தெள்ளு ஓடிற்று.
ஷைலஜா ஆளுக்கு நூற்றைம்பது வசூலித்தாள்.
மாத்திரை டப்பா எடை கேட்டது.
நான் பூரியைத் தூக்கிப் பார்த்து
"காலி சிலிண்டர் கனம்" என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
பதினைந்து கிலோ என்று வைத்துக்கொண்டோம்.
முட்டை பப்ஸுக்குள் பொதிந்து கொடுத்ததும் நான்தான்.

மறுநாளே உதிர்ந்தன.
வாட்ச்மேன் மாதேவப்பா
கூட்டித் தள்ளுமுன் எண்ணிக்கூடப் பார்த்தார்.

நான்காம் நாள் விடிகாலை கேப் இறங்கினேன்.
நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவே
நான்கு கால்களும் ஓடிக்கொண்டிருந்தன,
அவள் படுத்துக் கிடந்தாள்.
கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.
"யாரோ விஷ ஹாகிதாரே" என்றார் மாதேவப்பா.
எனக்கு அதற்கான சொல் தெரியும்,
சொல்லின் குறியீட்டு எண்கூடத் தெரியும்.
தலைக்கடியில் என்ன வைப்பதென்று தெரியவில்லை.
லேப்டாப் பையை வைத்தேன்.

முதல் ஆட்டோ நிற்கவில்லை.
இரண்டாவது மீட்டருக்கு மேல் முந்நூறு.
பூரி என் மடியில் மூத்திரம் விட்டாள்.
சூடாக இருந்தது. அது போதும் போலிருந்தது.

டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கை கழுவினார்.
மாத்திரையா இருக்கலாம்.
டிஸ்டெம்பரா இருக்கலாம்.
தெருநாய்தானே, தலையில எப்பவோ பைக் இடிச்சிருக்கலாம்.
"சொல்வதற்கில்லை" என்றேன் நான்,
அவர் சொல்லுமுன்பே.
ஒரு மாதிரி பார்த்தார்.

அன்றிரவு சாப்பாட்டு இடைவேளையில்
எங்கள் படிவத்தையே வெளியாளாகத் திறந்தேன்.
இனம்: கலப்பு. வயது: தெரியாது.
உரிமையாளர் கட்டத்தில் எட்டுப் பேர் கொள்ளவில்லை.
எம். மெர்சி ஸ்டெல்லா என்று மட்டும் போட்டேன்.
எடை: தோராயம்.
அனுப்பிவிட்டு ஆறிப்போன எலுமிச்சை சாதத்தைத் தின்றேன்.

மூன்று மணி வாக்கில் பதினேழாவதாக
எனக்கே திரும்பி வந்தது.
எழுதியவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது,
வார்த்தைகள் அத்தனையும் சரியாக இருந்தன,
நான் மாற்ற ஒன்றுமில்லை.
எந்த அறிக்கையும் இவ்வளவு குறைவாகச்
சொன்னதில்லை என்று பட்டது.
ஈயும் இல்லை, படியும் இல்லை, சுவரும் இல்லை.
"படுத்தபடியே ஓடினாள்" என்று ஒரு வரி சேர்த்தேன்.
"இருக்கலாம்" என்பதைத் தொட்டேன்.
கென்ட்டிலிருந்து ஒரு முயல் வந்தது.

பூரி பிழைத்துக்கொண்டாள்.
தலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது,
யாரோ அடுத்த தெருவில் கூப்பிடுவதுபோல.
தை பாதியில் உண்ணிகள் மறுபடி ஏறின.
ஷைலஜா வசூலுக்கு வந்தாள்.
நான்கு பேர் பணம் எடுத்தார்கள்,
மூன்று பேர் ஃபோனைப் பார்த்தார்கள்.
நான் புருவம் திருத்தும் இடுக்கியும்
சோப்புத் தண்ணீர் டம்ளருமாகக் கீழே போனேன்.
முப்பத்தொன்று எண்ணுவதற்குள்
கேப்காரன் ஹார்ன் அடித்துவிட்டான்.
வலது காது இன்னும் பாக்கி.