பெயர்ப்பலகையில் ஒரு வரி

எழுத்துக்கு இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்த
பெயிண்டர் கொளந்தசாமி பாதியில் நின்றார்.
"குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பியியல்...
ஏனுங் டாக்டர், இது ஒரு வரியில அடங்காதுங்.
சின்னதா வேற பேரு இருக்குதுங்களா?"

அங்கேயும் வெகுநாள் பேரில்லை.
நான் படிக்கப் போன குளிர்தேசத்தில்
இரவுப் பணியில் மார்ட்டா சொல்வாள்:
தன் ஊரில் அவள் நிபுணர்;
ரயிலில் நாற்பது நிமிடம், ஒரு பாலம் தாண்டினால்
வெறும் பிள்ளை வைத்தியர்.
வாடகை அரங்குகளில் கூடி, காப்பி ஆறிப்போக,
வளராத பிள்ளைகள் எத்தனை பேரை
ஒரு மாணவன் அளந்திருக்க வேண்டும்,
சர்க்கரை இறங்கிய குழந்தையோடு
எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்று
வரிக்கு வரி சண்டையிட்டுப்
பாடத்திட்டம் எழுதினார்களாம்.
எழுதி முடித்தும்
சில தேசங்கள் பேனாவை மூடியே வைத்திருந்தன.

சான்றிதழைச் சட்டமிட்டு ஈரோட்டுக்குக் கொண்டுவந்தேன்.
"பட்டியலில் இப்படியொரு பயிற்சி இல்லை."
பதில் கடிதத்தில் முத்திரை மட்டும்
அழகாக விழுந்திருந்தது.

முதல் வாரமே வந்தாள் சௌபர்ணிகா,
சென்னிமலையில் தறி ஓட்டும் சென்னியப்பன் மகள்.
பதினொரு வயது. மூன்றாம் வகுப்பு உயரம்.
"எங்கூட்டுல எல்லாருமே கட்டைதானுங்" என்றாள் அம்மா.
பின்னால்
நிலைப்படியில் தலை இடிக்காமல்
குனிந்து நுழைந்துகொண்டிருந்தார் அப்பா.

இடது கையைத் தட்டில் வைக்கச் சொன்னேன்.
எலும்புக்கு வயது ஆறு.
சேராத துண்டுகள், நடுநடுவே கறுப்பு இடைவெளி.
மார்ட்டா நாப்கினில் கிறுக்கிக் காட்டிய
வரைபடம்போல் இருந்தது அந்தக் கை.

தைராய்டு.
வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை,
விலை ஒரு டீக்குக் கீழே.
"இதுக்குப் போயி மூணு வருசம்
டானிக்கு, முட்டை, கம்பியில தொங்கறது..."
அம்மா அழவில்லை. கோபப்பட்டாள்.
எனக்கும் அந்தக் கோபத்தில் பங்கு இருந்தது;
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த தைக்குள் ஒன்பது சென்டிமீட்டர்.
பாவாடை மடிப்பைப் பிரித்த இடத்தில்
வெளுக்காத நீலக் கோடு ஒன்று.
"இன்னொருக்கா அளங்க" என்று
செருப்பைக் கழற்றி மறுபடி ஏறி நின்றாள்.

கொளந்தசாமி எழுதியது
"குழந்தை நல மருத்துவர்" மட்டும்.
அதன்கீழ் ஒரு வரி அகலத்துக்கு
வெறும் வெள்ளை பூசிவைத்தார்.
"பேரு கெடச்சா சொல்லியுடுங்,
அப்ப காசு வாங்கிக்கறேன்."

பெருந்துறை ரோட்டில் விளக்கு எரியும் நேரம்
அந்த வெள்ளையில்
பூச்சிக்குக் காத்துப் படுத்திருக்கிறது பல்லி,
பாதி வாலோடு.
மீதி வளர்ந்துகொண்டிருக்கிறது.