ஈரத்துக்கு மூணு

போட்டிக்கு எட்டு நிமிடம்தான்.
கோத்தகிரியில், கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால்
தகரக் கூரைக்குக் கீழே ஐந்து பேர், ஒரு பெஞ்சு.
எனக்கு வந்த வேடம் தராசு.
தராசுக்கு வசனம் கிடையாது,
மூட்டை விழுந்தால் கையைத் தாழ்த்து, போதும்
என்றாள் நஸ்ரின்.
அவள்தான் டைரக்டர், அவள்தான் கடிகாரம்.

இலை மூட்டைக்குப் பதிலாக
எங்கள் புத்தகப் பைகளைச் சால்வையில் கட்டி
முதுகிலிருந்து இறக்கினாள் யோகராணி.
கை தாழ்ந்தது. பதினெட்டு கிலோ.
அதுவரைக்கும்தான் எழுதியிருந்தோம்.

"பதினாறு. ஈரத்துக்கு ரெண்டு. அடுத்த ஆள்"
என்றான் பெள்ளிராஜ், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
அத்தனை சரளம்.
சிரித்து முடித்த பிறகுதான்
அவன் அப்பா சோலூர்மட்டத்தில் இலை ஏஜென்ட் என்பது
எங்களுக்கு ஞாபகம் வந்தது.

யோகராணி சிரிக்கவில்லை.
"மழை நாள்ல மூணு"
என்றாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.

பிறகு தகரத்தில் மழை.
அவன் காதுமடல் சிவந்தது.
ரெண்டை அடித்து மூணு என்று எழுதினான்
நிஜமாகவே, கணக்கு நோட்டில்.
"பதினைஞ்சு."
என் தோள் இற்றுப்போனது,
ஆனாலும் கையை உயர்த்தவில்லை.
பதினெட்டிலேயே நின்றேன்.

"எட்டு நிமிஷம் நாற்பது வினாடி.
நாற்பதை வெட்டணும்," என்றாள் நஸ்ரின்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஜெபஸ்டின் பென்சிலை வாங்கி
மலையழகைப் பற்றிய தொடக்கப் பாட்டை அடித்தான்.
அவன் எழுதியது. ஆறு நாள்.
நாலாவது வரி நன்றாகக்கூட இருந்தது.

ஐந்து பத்து பஸ் ஹாரன் அடிக்க
மூட்டையை அவிழ்த்தோம்.
என் பைதான் அடியில்.
யாருடைய டிபன் பாக்ஸோ அதற்குள்
கடகடத்துக்கொண்டே வந்தது
படிகள் முடிகிறவரை.