மூடிகள்

தார்த்து நகரில் ஜனவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் யாரோ நாயை நடத்திப் போகிறார்.
மூன்றாம் மாடியில் வைக்கே
திரையில் அந்த ஒற்றைச் சிகரத்தையே பார்க்கிறாள்.
மூன்று வாரமாய் அதே உயரம்.
மருந்து தோற்றது என
இந்த்ரெக் அறிக்கையைப் பாதி எழுதிவிட்டான்.

இந்த இயந்திரத்துக்கு எடை தெரியும். அவ்வளவுதான்.
அதே கார்பன், அதே ஆக்சிஜன்,
நீட்டிய கை மட்டும் இடதா வலதா:
தராசு அதைக் கேட்பதில்லை.

செல் சாற்றை உலர்த்தி
டார்டாரிக் அமிலத்தில் பிறந்த தூள் ஒன்றைக் கலந்தாள்
(புளியின் புளிப்பும் அதே குடும்பம்தான்).
எழுபது டிகிரி. அரை மணி நேரம்.
தூளுக்கும் ஒரு கை உண்டு, வலக்கை என்று வையுங்கள்.
எதிர்ப்பட்ட எல்லாரோடும் குலுக்கும்.
வலதோடு வலது படிந்துகொள்ளும்;
இடதோடு குலுக்கினால்
கோணல்தான்.
கோணலாய்ப் பிடித்தவை
குழாயில் வேறு நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒரு சிகரம் இரண்டானது.
ஒன்று வெறும் மேடு: கட்டி செய்வது.
மருந்து அதைத் தின்று முடித்திருந்தது.
மற்றது மலை.
மூச்சு முட்டும் செல்கள் செய்வது அது.

"மூச்சு ஏன் முட்டியது?"
அறை முழுக்கக் கேட்டாள்.

நான் குடுவை கழுவுகிறவள்.
திங்கள்தோறும் அந்த மூடிகளைத் திறக்க
எனக்கு ரப்பர் பிடி வேண்டியிருந்தது.
பூஞ்சைக்குப் பயந்து
வெள்ளி மாலை அத்தனை இறுக்கமாய்த் திருகியது யாரென்றும் தெரியும்.
சொன்னேன்.

இந்த்ரெக் காதுவரை சிவந்தான்,
பிறகு சிரித்தான், பிறகு
அறிக்கையை அழித்தான்.

வைக்கே எழுந்து போய்
ஒவ்வொரு மூடியாக
கால் திருகு தளர்த்தினாள்.