காவியம்

இரவுக் காட்சி முடிந்து
வூப்பர்டாலின் தொங்கு ரயிலில் ஏறினோம்.
கீழே ஆறு, கறுப்பாய்.
"காவியம் மச்சான், காவியம்!" என்றான் நகுலேசன்.
அவன் கண்ணுக்குள் இன்னும்
மழையை வெட்டிக்கொண்டிருந்தது அந்த வாள்.

நான் யன்னல் பொருத்துகிறவன்.
உடைந்த கண்ணாடிகளை
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
ஒவ்வொரு சில்லிலும் ஒரு நிலா விழுந்தது.
பொய் சொல்லக் கூடாது,
மூச்சு விட மறந்துதான் இருந்தேன்.

ஆனால் அந்த நகரத்தில்
மறுநாள் காலை ஒருவர்கூட
விளக்குமாறோடு வெளியே வரவில்லையே, நகுலேசா.
காவியம் என்றால்
செத்த எழுபது பேரில்
ஒருவனுக்காவது பெயர் இருக்க வேண்டாமா?

"உனக்குப் படம் பாக்கத் தெரியாதடா."

இருக்கலாம்.

ஓபர்பார்மெனில் இறங்கினோம்.
பஸ் நிறுத்தத்தில்
யாரோ உதைத்த விளம்பரக் கண்ணாடி
சிலந்திவலையாய் விரிந்து, விழாமல்,
தெருவிளக்கு முழுவதையும் பிடித்து வைத்திருந்தது.
பேச்சை விட்டு இருவரும் நின்றோம்.
அவன் கைபேசியை எடுத்தான்.
என் கை தன்பாட்டில்
சட்டைப் பைக்குள் அளவு நாடாவைத் தேடியது.

படம்
நன்றாகத்தான் வந்திருந்தது.