இரண்டு கோல் தூரம்

ட்ரெண்ட் ஆற்றுக்குப் பக்கத்தில்
சரளை அள்ளி முடித்துவிட்டுப் போன குழி.
தண்ணீர் தானாக ஊறி ஏரியாயிற்று.
அதில் எத்தனை கெண்டை என்று
கிளைவ் பார்ட்ரமுக்கே தெரியாது.
கதவுக்குச் சாவி வைத்திருப்பவன் அவன்.

பதினோரு இரவு வெறுங்கை.
மூன்று கோல், மூன்று அலாரம்,
இரை சுமக்கும் பொம்மைப் படகு ஒன்று
(தவணை இன்னும் நான்கு மாதம்).
மீன் நடு ஏரியில்தான் இருக்குமென்று
யார் சொன்னார்கள்?
யாரும் சொல்லவில்லை.
தூரமாய் வீசினால் உழைத்த மாதிரி இருந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருட்டிப் பார்ப்பேன்.
இரை இருக்கிறதா? இருக்கும்.
வெள்ளை உருண்டையைக் கழற்றி மஞ்சள்.
மஞ்சளைக் கழற்றி
கணவாய் வாசமடிக்கும் சிவப்பு.
முள்ளை மாற்றுவேன், முடிச்சை மாற்றுவேன்.
கிடங்கில் பொட்டலம் அடுக்கும் வேலையை
இங்கும் செய்துகொண்டிருந்தேன்.
விடிந்ததும் டாம்சின் போனில் கேட்பாள்:
"ஏதாவது?"
காற்று சரியில்லை என்பேன்.
நிலா பெரிசு என்பேன்.

பன்னிரண்டாம் இரவு மழை.
மூன்று அலாரமும் நனைந்து
சேர்ந்து அலறி
சேர்ந்தே செத்தன.
பேட்டரிக்கு நியூவார்க் வரை போகவேண்டும்.
போகவில்லை.
விடிகாலையில் தெர்மாஸை மட்டும் எடுத்துக்கொண்டு
ஏரியை ஒரு சுற்று வந்தேன்,
கையில் கோல் இல்லாமல், முதல் தடவையாக.

தென்மேற்குக் காற்று
இரண்டு நாளாக ஒரே மூலையைத் தள்ளிக்கொண்டிருந்தது.
அங்கே நுரை, பாப்ளர் பஞ்சு, செத்த ஈக்கள்,
யாரோ விட்ட ரொட்டி உறை.
நாமக்கோழி ஒன்று முங்கி எழுந்து
வாயில் பாசியோடு இன்னொன்றைத் துரத்தியது.
அதை வேடிக்கை பார்த்தேன்.
பிறகு அதற்குக் கீழே பார்த்தேன்.

பால் விட்ட தேநீர் நிறத்தில்
ஒரு பாய் அகலத்துக்குக் கலங்கல்.
ஊசிமுனைக் குமிழிகள் கூட்டமாய் வந்து,
நின்று, ஒரு முழம் தள்ளி மறுபடியும்.
ஒரு நாணல் மட்டும்
காற்று சொன்ன பக்கம் சாயவில்லை.
அப்புறம் ஒரு முதுகு,
மேசைக்கடியில் சில்லறை தேடுகிறவருடையது போல.

கரையிலிருந்து இரண்டு கோல் தூரம்.
பின்னால் என் கூடாரம்.
பதினோரு இரவும் பூட்ஸ் காலோடு
தொம் தொம்மென்று வந்து நின்று
அவற்றின் தலைக்கு மேலாக
முழு பலத்தோடு வீசியிருக்கிறேன்.

ஒரு கோல். ஒரு சின்னத் தக்கை.
சாலடுக்கு வைத்திருந்த டப்பா மக்காச்சோளம்.
முட்டி போட்டுப் போனேன்.
ஆறு மணி தூவி, முள்ளில் ஒன்று,
தூங்கும் பூனைமேல் போர்வை போடுகிற மாதிரி
இறக்கினேன்.

பத்து நிமிடம். சுருட்டு என்றது கை.
இருபது. மஞ்சள் வேண்டாம், சிவப்பு என்றது.
குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
நம்பிக்கை என்றால் நெஞ்சு நிமிர்வது
என்று நினைத்திருந்தேன்.
எனக்கு வந்தபோது அது
உள்ளங்கை மரத்துப்போவதாக இருந்தது.

தக்கை முங்கவில்லை.
பக்கவாட்டில்,
கதவிடுக்கில் நுழைகிறவன் போல் நழுவியது.

ஒன்பது பவுண்டு. பெரிசில்லை.
வெற்று உடம்பில்
யாரோ அவசரமாகத் தைத்த பொத்தான்களாய்
எட்டோ ஒன்பதோ செதில்.
ஈரத்துணியில் கிடந்து
வாயை மூடி மூடித் திறந்தது.
விட்டதும் ஒரு வாலடி, என் சட்டை முழுக்கச் சேறு.

சத்தம் கேட்டுக் கிளைவ் வந்தான்.
"என்ன இரை?"
டப்பாவைக் காட்டினேன்.
"எங்கே?"
கை நீட்டினேன்.
அவன் என் விரலைத் தாண்டி,
இன்னும் ஆடிக்கொண்டிருந்த நாணலைத் தாண்டி,
கண்ணைச் சுருக்கி
நடு ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.