சுரம்

நார்த்டேலில், டயர் கடையின் மாடியில்
ஆப்பிரிக்காவை விரித்துப் போட்டோம்.
மேசையைவிடப் பெரிது.
மொராக்கோ சுவரில் மடங்கி ஏறியது,
கேப் டவுன் விளிம்பில் தொங்கியது.
சுருளாமலிருக்க மூலைக்கொன்றாய்
உப்புக் குப்பி, காப்பிக் கோப்பை,
யாரும் தொடாத பிஸ்கட் டப்பா,
கோபஸின் இடது ஷூ.

கண்டத்தின் மிகச் சிறந்த ஓட்டத் தடங்கள் பத்து,
ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல்.
கையேட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
தேர்வுக் குழு மூவர்.
மூவருக்கும் சேர்த்து இருபத்தொரு கால்நகங்கள்.

கோபஸ் கணக்காளர்.
எந்த மலை எத்தனை மீட்டர் ஏறி
எத்தனை மீட்டர் இறங்குகிறதென்று
அட்டவணை போட்டு வந்திருந்தார்.
நோகுலுங்கா தாதி, இரவுப் பணி முடித்து நேரே வந்தவள்.
"தண்ணீர் எங்கே என்று சொல்லாத தடம்
எனக்குத் தடமே இல்லை" என்றாள்,
கண்ணை மூடிக்கொண்டே.

பென்சிலால் வட்டமிடத் தொடங்கினோம்.
புல் மேயும் குரங்குகள்
நமக்கு வழிவிட யோசிக்கும்
எத்தியோப்பிய விளிம்பு.
ஆளை விட்டுவிட்டு
ஷூவை வைத்துக்கொள்ளும் உகாண்டாச் சேறு.
நாம் கொண்டுபோகும் நிழலைத் தவிர
வேறு நிழலில்லாத நமீபியப் பள்ளத்தாக்கு.
முலாஞ்சே.
அங்கே நாங்கள் முழங்கால் நடுங்க இறங்கிய சரிவில்
தலையில் பலகையோடு ஒருவர் எங்களை முந்திப் போனார்.
காலில் டயர்ச் செருப்பு.
அதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை.
வட்டத்தைக் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமை.
"இங்கே?"
"விசா."
"இங்கே?"
"துப்பாக்கி."
"இங்கே?"
மூவரும் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தோம்.
போனதில்லை.
கண்டத்தில் சிறந்தது என்றுதான் அட்டையில் வரும்;
மூன்று பேர் காசு சேர்த்துப்
போக முடிந்ததில் சிறந்தது
என்று அச்சடிக்க இடம் போதாது.

ஒன்பது ஆயிற்று.
பத்தாவதற்கு
லெசோத்தோ எல்லையில் விரலை வைத்தேன்.

"அதை நீ முடிக்கவேயில்லையே, லோகி."
கோபஸின் குரலில் குத்தலில்லை.
அட்டவணையில் என் பெயருக்கு நேரே
சின்னதாய் ஒரு கோடு, அவ்வளவுதான்.

எழுபத்தொன்றாம் கிலோமீட்டர்.
ஆலங்கட்டி ஓய்ந்து கருங்கல்லில் ஆவி பறந்தது.
போர்வை போர்த்த மேய்ப்பன் ஒருவன்,
பதினான்கு வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ்,
என் ஓட்டத்துக்கு இணையாக
நடந்து வந்துகொண்டிருந்தான்.
யார் துரத்துகிறார்கள் என்று கேட்டான்.
யாருமில்லை என்றேன்.
அவனுக்கு இரண்டு ஆடுகளைக் காணவில்லை.
என் முகத்தைப் பார்த்தவன்
தடியால் இறங்கும் வழியைக் காட்டிவிட்டு
நான் ஏற வேண்டிய முகட்டில் ஏறிப் போனான்.

"சுரம் என்று ஒரு சொல் உண்டு எங்களிடம்.
நீரற்ற கடும்வழிக்கும் அதுதான்,
காய்ச்சலுக்கும் அதுதான்.
மற்ற ஒன்பதும் நான் ஓடி முடித்தவை.
இது இன்னும் என் உடம்பில் அடிக்கிறது."

"எத்தனை டிகிரி?" என்றாள் தாதி.

வாக்கெடுப்பு. இரண்டுக்கு ஒன்று. தோற்றேன்.
பத்தாவது இடம் ஒரு கடற்கரைக்குப் போனது.
அதில் சூரியோதயம் நன்றாக இருக்கும்,
பொய் சொல்லக் கூடாது.

படியிறங்கும்போது நோகுலுங்கா,
எனக்கெதிராகத் தூக்கிய அதே கையால்
பையில் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டே,
"மிச்ச இருபத்தொன்பதில் தண்ணீர் உண்டா?" என்றாள.
தெரியாது என்றேன்.
"ஏப்ரலில் எனக்கு நான்கு நாள் விடுப்பிருக்கிறது."

அதற்குள் மாடியிலிருந்து கோபஸ் கத்தினார்,
ஒற்றைக் காலில் நின்றபடி.
ஷூவைக் காணோமாம்.
சுருட்டிய ஆப்பிரிக்காவுக்குள் கிடந்தது அது,
என் அக்குளில்.