மிச்சம்

சத்துவாச்சாரி ஆபீஸில் மின்விசிறி
சூட்டையே சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.
மேசைமேல் விரிஞ்சிபுரம் அளவுகோலின்
ஏழு வருஷப் பதிவேடு:
பாலாற்றின் நீர்மட்டம், சென்டிமீட்டரில்,
தினம் காலை எட்டு மணிக்கு.
எழுதியவர் துலுக்காணம்.
கையெழுத்துக்குப் பதில் வெறும் 'து'.

எழுத்தாக ஏற்றுவது சுலபம்.
புரட்டிய பக்கமெல்லாம் பூஜ்ஜியம்;
அடுக்குவானேன்?
பூஜ்ஜியம், 2557 தடவை.
ஏழு வருஷமும்
ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அடங்கிவிட்டது.

அடிக்கடி வருவதற்குக் குட்டிப் பெயர்,
எப்போதாவது வருவதற்கு நீளப் பெயர்.
வீட்டில் கூப்பிடுகிற மாதிரிதான்.
ஒரு பெயர் இன்னொன்றின் தொடக்கமாக இருக்கக் கூடாது,
அவ்வளவே சட்டம்.

படமாக வைப்பதுதான் பாடு.
ஒவ்வொரு புள்ளிக்கும்
இடதில் இருப்பதையும் மேலிருப்பதையும் கூட்டி
மூலையில் இருப்பதைக் கழித்து
நீ இதுவாகத்தான் இருப்பாய் என்று ஊகிக்கிறேன்.
பலித்தால் எழுத ஒன்றுமில்லை.
தப்பினால், தப்பை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.
வெள்ளைத்தாள் சொன்னபடி கேட்கிறது.
மை கேட்கவில்லை.
ஒரு பூஜ்ஜியம் வியர்வையில் ஊறிப்போனது,
ஒன்று ரீஃபில் தீர்ந்து பாதியில் பென்சிலுக்கு மாறியது,
ஒன்று வாயை மூடவேயில்லை.

"எல்லாம் பூஜ்ஜியம்தானே மேடம்,
ஒண்ண வச்சுக்கிட்டு மத்த இடத்துல ஒட்டிடுங்க"
என்றார் ஜேஇ முஷ்தாக்.
ஒட்டினேன்.
நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது.
டீ வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி, மனசு கேட்காமல்,
அசலிலிருந்து ஒட்டியதைக் கழித்துப் பார்த்தேன்.
இழப்பில்லை என்றால்
திரை முழுக்கக் கறுப்பாக வர வேண்டும்.
வரவில்லை. ஓரங்களில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.
சரி, அதெல்லாம் கையின் நடுக்கம்.
ஐந்தாம் வருஷம் ஜூன் ஏழில் மட்டும்
ஒரு வால்.
பூஜ்ஜியத்தின் இடது தோளிலிருந்து எழும்பி
வலப்பக்கம் வளைந்த சின்ன வால்.

பெரிதாக்கினேன்.
அந்த ஒரு நாளைக்கு மட்டும்
பக்கத்தில் முழுப் பெயர் போட்டிருந்தார்:
கோ. துலுக்காணம், அளவு பார்ப்பவர்.

காலையில் ஜேஇயிடம் சொன்னேன்,
கோப்பு கொஞ்சம் வீங்கும் சார்,
படமும் அசல்படியேதான் இருக்கணும்.
பூஜ்ஜியம் 1618 தடவை,
அப்புறம் ஓர் ஆறு,
அப்புறம் பூஜ்ஜியம் 938 தடவை.

"ஆறா?" என்றவர்
ஜன்னல் பக்கம் திரும்பினார்.